அரைக்கட்டை ஏற்றிய முதல் ரெக்கார்டு

ரெக்கார்டிங் படிக்கிற பிள்ளைகள் கொச்சி மட்டாஞ்சேரியில் என் ஸ்டுடியோவைப் பார்க்க வந்தால், சுற்றி வளைத்து ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள். எந்த பேண்டை எடுத்தாலும் முதல் ரெக்கார்டுதானே நன்றாக இருக்கிறது, பிறகு ஏன் இறங்கிப்போகிறது? முன்பெல்லாம் நானும் பெரிய மனுஷனாகப் பதில் சொல்லுவேன். முதல் ரெக்கார்டில் பத்து வருஷமாகச் சேர்த்துவைத்த பாட்டு இருக்கும், அடுத்ததில் ஆறு மாசத்தில் பண்ணிய பாட்டுதான் இருக்கும் என்பேன். மகேஸ்வரி என்ற பாடகி வந்துபோன பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

1. கேசட் கம்பெனியில் கற்றது

நான் தொழில் கற்றது ஒரு பக்திப் பாட்டு கேசட் கம்பெனியில். கேசட்டின் ஒரு பக்கம் முப்பது நிமிஷம். பாடகர் முப்பத்திரண்டு நிமிஷத்துக்குப் பாடிவைத்திருப்பார். முதல் நாளே முதலாளி டேப் மெஷினின் ஸ்பீடு குமிழைக் காட்டினார்.

"லேசா ஏத்தி விடு. பாட்டும் பக்கத்துல அடங்கும், குரலுக்கும் பத்து வயசு குறையும்."

டேப் வேகமாக ஓடினால் சுருதி அரைக்கட்டை ஏறும். குரல் இளசாகும், தாளத்துக்கு ஒரு துள்ளல் வரும். ஜனங்களுக்குப் பிடித்தது. பாடியவர்களிடம் நாங்கள் சொன்னதில்லை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, குமிழ் போனது. என் கைப்பழக்கம் மட்டும் போகவில்லை. குரலையும் வாத்தியங்களையும் சேர்த்து முடிக்கிற கடைசி மிக்ஸில் ஸ்பீடை ஒரு துளி ஏற்றாமல் எதையும் வெளியே அனுப்பமாட்டேன். சாப்பிட்டுக் கை கழுவுகிற மாதிரி யோசிக்காமல் நடந்துவிடும்.

2. இஞ்சி குடோன் மாடி

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என் ஸ்டுடியோ ஒரு இஞ்சி குடோனின் மாடியில் இருந்தது. எதிரொலியை அடக்கச் சுவரெல்லாம் சாக்கு தொங்கவிட்டிருந்தேன். நாலு பேர் கொண்ட ஒரு பேண்ட் வந்தது. பாடகி மகேஸ்வரி. அவள் அம்மாவுக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு வேலை. வீட்டில் தமிழ், படித்தது மலையாளம். தமிழ்ப் பாட்டையே மலையாள எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தாள். கிட்டார் பையன் பெயர் அனூப். அவர்களிடம் சுருதி பார்க்கிற டியூனர்கூடக் கிடையாது. ஒரு கிட்டாரைக் கேட்டு இன்னொன்றை முறுக்கிக்கொண்டார்கள். இஞ்சித் தூசியில், பாடிப் பதிந்த டேக்குகளில் பாதி தும்மலில் முடிந்தது.

ஒன்பது பாட்டு, நாலு நாள். மிக்ஸ் பண்ணி, வழக்கம்போல ஸ்பீடை ஏற்றி, போட்டுக் காட்டினேன். மகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டு, "என் சத்தமா இது?" என்றாள். தன் குரலை முதல்முறை ஸ்பீக்கரில் கேட்கிற யாருக்கும் அது வேறு ஆள் குரலாகத்தான் தெரியும். அதனால் நானும் சிரித்தேன். அந்த ரெக்கார்டு எர்ணாகுளம் முழுக்க ஓடியது.

அடுத்த இரண்டு ரெக்கார்டையும் காக்கநாட்டில் ஒரு நல்ல ஸ்டுடியோவில் செய்தார்கள். மூன்றாவது உண்மையிலேயே அருமை. ஆனால் ஜனங்கள் ஒரே பாட்டைப் பாடினார்கள்: பழைய குரல் போச்சு, முதல் ரெக்கார்டுதான் ரெக்கார்டு.

3. டாக்டர் சீட்டு

போன மழைக்காலத்தில் மகேஸ்வரி தனியாக வந்தாள். இப்போது ஒரு ஸ்கூலில் பாட்டு டீச்சர். குரல் கம்மியிருந்தது. கையில் இருந்த டாக்டர் சீட்டை நீட்டினாள். குரல் நாணில் முடிச்சு. மேல்ஸ்தாயியில் கத்திப் பாடுவதை நிறுத்தாவிட்டால் ஆபரேஷன், அதற்குப் பிறகு பாட்டு வருமோ என்னவோ என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அடுத்த மாதம் தேவராவில் ஒரு கச்சேரி. முதல் ரெக்கார்டு முழுவதையும் பாட வேண்டும். மேடையில் ரெக்கார்டில் இருக்கிற சுருதிக்கு வர, அனூப் இத்தனை வருஷமும் கிட்டார் கழுத்தில் சுருதியை ஏற்றுகிற கேப்போ கிளிப்பை மாட்டித்தான் வாசிக்கிறானாம். ரெக்கார்டிங் அன்றைக்குக் கம்பியை அதிகமாக முறுக்கிவிட்டோம் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

"அந்த அரைக்கட்டைதான் அண்ணா கொல்லுது. அப்போ எப்படிப் பாடினேன்னு ஒரிஜினல் டேக்கைக் கேக்கணும். அந்தக் குரல் இப்ப எங்கிட்ட இல்லைன்னு ஆச்சுன்னா இந்தக் கச்சேரியோட நிறுத்திடறேன்."

அரைக்கட்டை என்றதுமே எனக்கு விளங்கிவிட்டது. வயசானால் குரல் இறங்கத்தான் செய்யும் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். ஒரு நிமிஷம் அப்படிச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. பழைய ஹார்ட் டிஸ்கைத் தேடி எடுத்து, நான் கைவைக்காத டேக்கைப் போட்டேன்.

அறையில் அவளுடைய இப்போதைய குரல் பாடியது. கம்மல் இல்லாத, கொஞ்சம் பயந்த குரல், அவ்வளவுதான் வித்தியாசம். சுருதி இப்போது அவளுக்குச் சுலபமாக வருகிற அதே சுருதி. இன்னொரு தரம் போடச் சொன்னாள். நான் செய்ததை முழுக்கச் சொன்னேன். கேசட் முதலாளியின் பெயரை இழுத்துத் தப்பிக்கவில்லை.

"பன்னெண்டு வருஷமா நான் யாரோட குரலைத் தொரத்திக்கிட்டிருந்தேன் அண்ணா?" என்றாள்.

வாங்கி வைத்த சாயாவைத் தொடாமல் படியிறங்கிப் போனாள். மழை விட்டபிறகும் நான் நாற்காலியிலேயே இருந்தேன். அவ்வளவு வெட்கம் அதற்கு முன் எனக்கு வந்ததில்லை.

4. தேவரா

அனூப் போன் செய்து, கைவைக்காத டேக்குகளை மட்டும் அனுப்பச் சொன்னான். வேறு பேச்சு இல்லை. கச்சேரிக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை. டிக்கெட் எடுத்துப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அனூப்பின் கிட்டாரில் கிளிப் இல்லை. மகேஸ்வரி முதல் பாட்டைத் தன் சுருதியில் எடுத்தாள். மேலே போகும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கவில்லை, கண் மூடியிருந்தது. அந்தப் பாட்டை நான்தான் பதிவு செய்தேன் என்றாலும், அதன் வார்த்தைகள் அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகக் கேட்டன.

பக்கத்தில் இருந்தவர் உதட்டைப் பிதுக்கி, "ஆ பழய சப்தம் போயி, சேட்டா" என்றார். அந்தப் பழைய குரல் போய்விட்டதாம்.

தமிழும் மலையாளமும் கலந்து அவருக்குச் சொன்னேன்: இதுதான் அவளுடைய பழைய குரல். நீங்கள் இத்தனை நாள் கேட்டது நான் பண்ணியது. அவர் என்னைக் கிறுக்கன் என்று நினைத்திருக்க வேண்டும், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

முடிந்ததும் கூட்டம் கலையும் வரை வாசலில் நின்றேன். மகேஸ்வரி பார்த்துவிட்டாள். நேராக வந்தாள். மன்னிப்பு என்று ஏதோ ஆரம்பித்தேன், கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அடுத்த ரெக்கார்டு உங்ககிட்டத்தான். ஆனா கடைசி மிக்ஸ் அன்னிக்கு உங்க பக்கத்துல நான் இருப்பேன்."

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் இவ்வளவுதான். இப்போது என் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலி. பாடியவர் வந்து இரண்டாவதில் உட்காரும்வரை கடைசி மிக்ஸை நான் தொடுவதில்லை.