பிரகாஷின் மழைக்கு எத்தனை நட்சத்திரம்?

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். மகள் இப்போதுதான் தூங்கினாள்.

கணினியில் பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்கு நான் நம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டை அப்படியே கணினியில் செய்து இலவசமாகப் போட்டது தெரியும்தானே. பூக்கடைகள், தீபாவளி ஒளியூட்டு எல்லாம் அவள் தூங்கும் நேரங்களில் செய்தவை.

அதே விளையாட்டுக்கு நண்பன் பிரகாஷ் மழையை மட்டும் செய்து போட்டான். எங்கள் தோழி கவிதா அவனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டாள், எனக்கு மூன்று.

இன்று தேக்கா சந்தையில் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"அவன் ஃபர்ஸ்ட் டைம் செய்றான்க்கா, பாவம்லா. நீங்க எப்பவும் நல்லா செய்வீங்க. அதான் உங்க ரோட்டுப் பூக்கடையில பூ இருக்கு, விக்க ஆள் இல்லையேன்னு குறைச்சேன்."

"அப்ப நான் பாவம் இல்லையா?"

"உங்களுக்கு என்னக்கா" என்று சிரித்துவிட்டு மீன் வாங்கப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து பிரகாஷின் மழையில் பேருந்தை ஓட்டிப் பார்த்தேன். கண்ணாடியில் துளிகள் வழிவது அத்தனை அழகு. வயிற்றெரிச்சலே அதனால்தான்.

அவனுக்கு நட்சத்திரம் போடும் பக்கம் திறந்தே இருக்கிறது. ஐந்து போட மனம் வரவில்லை, மூன்று போட்டால் நானும் கவிதாதான்.

எத்தனை போடட்டும்? சீக்கிரம் பதில் எழுதுங்கள்.