மாமா கொண்டுவந்த கோடிப் புடவை

போன வாரம் சிதம்பரம் போயிருந்தேன். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பிளக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். மாமாவின் பேரனுக்குக் காதுகுத்தாம். பேனரின் உச்சியில் வட்டத்துக்குள் என் பெரியம்மா. அதன்கீழே 'தெய்வத்திரு தனபாக்கியம் அம்மாள் ஆசியுடன்' என்று மஞ்சள் எழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆசியாம் ஆசி! உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பேனரைக் கிழித்து அடுப்புக்குப் போட்டிருப்பாள். சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு திரும்பினேன் என்று உங்களிடம் சொல்ல ஆசைதான். ஆனால் எனக்கு அழைப்பே இல்லை.

தனபாக்கியம் என் அம்மாவின் அக்கா. கடலூர் முதுநகரில் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தாள். அண்டா, குண்டான், ஜல்லிக்கரண்டி, சாமியானா, நாற்காலி எல்லாம் உண்டு. புளி போட்டுத் தேய்த்த பித்தளை வாசனை எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்கு அவள் ஞாபகம்தான், கூடவே அவள் திட்டும். படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் அவளிடம் நான் அண்டா தூக்கிக்கொண்டிருந்த காலம் அது. "டிகிரி படிச்ச கையில்ல, அதான் கரண்டி நழுவுது" என்பாள். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் அவளுக்கு ஒரே வாய்தான். ஒரு துக்க வீட்டில், "அழுவுறது அப்பறம் அழுவு. கரண்டி ஒண்ணு கொறையுது, அத மொதல்ல தேடு" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்களே சிரித்துவிட்டார்கள். அந்த வீட்டில் அவள் வாடகை வாங்கவில்லை என்பதை மட்டும் யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

தாயும் தகப்பனும் சீக்கிரமே போய்விட, தம்பியையும் தங்கையையும் வளர்த்தவள் அவள்தான். தங்கை என் அம்மா. தம்பி மாமா, அம்மாவுக்கு அண்ணன். மாமாவுக்குச் சர்க்கார் வேலை கிடைத்து, சிதம்பரத்தில் மாடி வீடு, இரும்பு கேட், கேட்டில் நாய் ஜாக்கிரதை போர்டு. நாய் கிடையாது. அந்தக் கேட்டைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

சுனாமி வந்த அன்றைக்கு எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை. கடலோரத்திலிருந்து ஓடி வந்தவர்கள் பெரியம்மாவின் கடையில்தான் ஒதுங்கினார்கள். அடுத்த அலை வருது, அடுத்த அலை வருது என்று ஊரே பதறியது. பாத்திரம் ஏற்றும் வண்டியில் அவர்களை ஏற்றினாள். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். என்னையும் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு, "தம்பி வூடு இருக்க, என்னா பயம்?" என்றாள்.

மாமா கேட்டைப் பாதிதான் திறந்தார். வண்டியை எட்டிப் பார்த்தார். "நீ மட்டும் உள்ள வாக்கா" என்றார். "யாரு எவருன்னு தெரியாதவங்க. ஜாஸ்தி பேரு வந்தா இவளுக்கு முடியாது." இவள் என்றது அத்தையை. அத்தை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தாள். வண்டியில் ஈரத் துணியோடு பிள்ளைகள் நடுங்கிக்கொண்டிருந்தன.

பெரியம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஒன்ன இடுப்புல தூக்கிக்கிட்டு வூடு வூடா சோறு கேட்டவடா நானு. நீ மட்டும் உள்ள வா, இடுப்புல இருக்கறத வெளிய விட்டுட்டு வான்னு எவனாவது சொன்னானா? நான் செத்தா ஒன் கோடி எம்மேல விழக்கூடாது. போ, கேட்ட சாத்து."

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வரவேண்டும். அதுதான் கோடி. அதைப் போர்த்தாமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். ஆயுசு முழுக்க எட்டிப் பார்க்காத தம்பிகூட அன்றைக்கு மேளத்தோடு வந்து போர்த்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், நல்ல பெயரும் வந்துவிடும். எவ்வளவு சுலபமான பாவமன்னிப்பு பாருங்கள்! பெரியம்மா எத்தனையோ சாவு வீடு பார்த்தவள். எங்கே அடித்தால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

வண்டியை ஒரு பள்ளிக்கூடத்துக்கு விடச் சொன்னாள். அங்கே முன்பின் தெரியாதவர்கள் எங்களுக்குப் புளிச்சோறு கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு மாமாவோடு அவள் பேசவே இல்லை. அம்மா மட்டும் திருட்டுத்தனமாகச் சிதம்பரம் போய்வருவாள். தெரிந்தால் பெரியம்மா விளாசுவாள். அம்மா எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டாள். யாரையுமே எதிர்த்துப் பேசத் தெரியாதவள் என்றுதான் அவளைப் பற்றி எல்லோரும் நினைத்திருந்தோம். தானே புயலுக்குப் பிறகு மாமா ஒரு மூட்டை அரிசி அனுப்பினார். பெரியம்மா அதை அவிழ்க்காமலே திருப்பி அனுப்பினாள். அப்போது வீட்டில் அரிசி இல்லை என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த வருஷம் அவள் போனாள். அவள் சாமியானாவையே அவளுக்குக் கட்டினோம். தெருமுனையில் மேளச்சத்தம் கேட்டது. மாமா தாம்பாளத்தில் பட்டுப்புடவையோடு, "என்னப் பெத்த தாயி" என்று கதறிக்கொண்டு வந்தார். பெரியம்மாவின் மகன் தலையைக் குனிந்துகொண்டான். "செத்தப்பறம் என்னாப்பா கோவம்? பொறந்த வூட்டுக் கோடி இல்லாம எப்பிடித் தூக்குறது?" என்று பெரியவர்கள் மாமாவுக்கு வழி விட்டார்கள். அவள் வார்த்தைக்கு அவ்வளவுதான் மரியாதை.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த என் அம்மா எழுந்து நின்றாள்.

"அண்ணே, அத அப்பிடியே கீழ வை."

"என்னாடி இது? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். பொறந்த வூட்டுக் கோடிதான வேணும்? நான் எந்த வூட்டுல பொறந்தேன்?"

பொம்பளை கோடி போடுகிற வழக்கம் இல்லையே என்று யாரோ இழுத்தார்கள். "அக்கா வழக்கம் பாத்தா எங்கள வளத்தா?" என்றாள் அம்மா. என் பக்கம் திரும்பி, "போயி ஒரு நூல் பொடவ வாங்கியா. சீக்கிரம்" என்றாள். கடைத்தெருவுக்கு ஓடினேன். வரும்வரை அம்மா உட்காரவே இல்லை. மாமா தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தார். அம்மா போர்த்தினாள். பிறகுதான் தூக்கினோம்.

பாத்திரங்களைப் பெரியம்மாவின் மகன் எடைக்குப் போட்டுவிட்டான். இப்போது காண்ட்ராக்ட்காரன் வருகிறான், காகிதத் தட்டில் சோறு போடுகிறான், போகிறான். உறவுக்காரர்கள் எல்லோரும் எல்லோரோடும் சிரித்துப் பேசுகிறார்கள். முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்க ஆளில்லை. அந்தத் தைரியத்தில்தான் பேனர் வைக்கிறார்கள்.

பேனரைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. மாத்திரை டப்பாவைத் திறந்தாள்.

"அக்காவுக்குக் கோடி போட நான் இருந்தேன். எனக்குப் போட அந்த வூட்டுல வேற யாரு இருக்கா? அவன் ஒருத்தன்தான்" என்றாள். பிறகு தண்ணீரை எடுத்துக்கொண்டு சொன்னாள்: "அவனுக்கு முன்னாடி போயிடக் கூடாதுன்னுதான்டா வேளை தவறாம மாத்திரை போட்டுக்குறேன்."