கயிறு பிடித்து நட்ட வயலுக்கு மானியம்

ஆத்தூர்ப் பக்கம் ஆற்றுப் பாசனத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் வயல். எழுபதுகளின் நடுவில், நான் கல்யாணமாகி வந்த புதிது. வீட்டுக்காரர் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முகம் காட்டுவார். அதனால் வயல் என் தலையில் விழுந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை. அதிகாரம் பண்ண யாருக்குத்தான் கசக்கும்?

அந்த வருஷம் ஐப்பசிக்கு மேல் வரும் பிசானப் பருவ நடவுக்குக் கயிறு பிடித்து வரிசையாக நட்டால் அரசாங்க மானியம் உண்டு என்று யூனியன் ஆபீசில் சொன்னார்கள். நடவன்றைக்கு அதிகாரி வந்து கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டுமாம். நடவுப் பெண்கள் கயிறு என்றதும் சிரித்தார்கள். கைபோன போக்கில் நட்டுப் பழகியவர்கள். வேலை இரட்டிப்பு, கூலி மட்டும் பழசா என்று கேட்டார்கள். நியாயம்தானே. அரசாங்கத்தை நம்பலாம், மானியம் வந்ததும் கூடுதல் கூலி தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். வராவிட்டால் எங்கே போவேன் என்ற யோசனை நடவன்று காலையில்தான் வந்தது. வரப்பில் சும்மா நிற்க முடியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கி, கயிற்றின் ஒரு முனையை நானே பிடித்தேன்.

அதிகாரி சைக்கிளில் வந்தார். ஆலந்தலைக்காரர், கடலைப் பார்த்து வளர்ந்தவர். கைச்சுத்தத்துக்குப் பேர்போனவர், போகிற இடத்தில் மோர்கூடக் குடிக்க மாட்டார் என்று கேள்வி. சைக்கிளை நிறுத்திவிட்டு வரப்பில் நாலு எட்டு வைத்திருப்பார். பெண்களில் மூத்தவள் ஒரு நாற்று முடியைக் கொண்டுபோய் அவர் காலடியில் வைத்தாள். மற்றவர்கள் குலவை போட்டார்கள். நடவு வயலுக்கு யார் புதிதாக வந்தாலும் இப்படி மறித்து வெற்றிலைக்குக் காசு வாங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். அது அவருக்குத் தெரியவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"எதையாவது குடுத்துக் கையெழுத்து வாங்கிரலாம்னு பாக்கியளா? நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல" என்று வந்த வழியே திரும்பிவிட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் வாய் திறக்குமுன் மூத்தவள் முந்திக்கொண்டாள்.

"ஐயா, நாங்க ஒமக்கு எங்க தாறோம்? நீருல்லா எங்களுக்குத் தரணும்."

மனிதர் நின்றார். நான் மூச்சிரைக்க வழக்கத்தை விளக்கினேன். கேட்கக் கேட்க அவருக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. மானியம் கொடுக்க வந்த இடத்தில் தன்னிடமே மானியம் கேட்கிறார்களே என்று சொல்லிச் சட்டைப்பையைத் துழாவி இரண்டு ரூபாய் கொடுத்தார். அதோடு விட்டார்களா? நாற்றைக் கையில் திணித்து வயலில் இறக்கிவிட்டார்கள். அவர் நட்ட நாலு நாற்றும் நாலு திசையில் நின்றன. அவற்றைப் பிடுங்கிக் கயிற்றோரமாகத் திருப்பி நட்டுக்கொண்டே, இவருக்கு மானியம் கிடையாது என்று தீர்ப்பும் சொன்னார்கள். கையெழுத்துப் போட்டு, ஒரு செம்பு மோரும் குடித்துவிட்டுப் போனார்.

கதிர் பால் பிடிக்கிற சமயத்தில் மானியம் வந்தது. அன்றைக்கே பெண்களை வீட்டுக்கு வரச்சொல்லிக் கூடுதல் கூலியைக் கொடுத்தேன். அரசாங்கத்தை நம்பலாம் என்று நான் சொன்னது சரியாகிவிட்டதா என்று கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன். மூத்தவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு என்னைப் பார்த்தாள்.

"சர்க்காரை நம்பியா நட்டோம்? அது தரும்னு எங்கள்ள ஒருத்தியும் நெனைக்கல. நேத்து வந்த புள்ள எங்ககூட சகதிக்குள்ள நிக்காளேன்னு நட்டோம் ஏளா."

தங்களுக்குள் உரிமையோடு கூப்பிட்டுக்கொள்கிற மாதிரி, அதுவரை அவள் என்னை ஏளா என்றதில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சரி, மானியம் வராமலே போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"என்ன செய்ய? ஒன்ன ஏசிக்கிட்டே அடுத்த நடவுக்கும் வந்திருப்போம்."