பங்களா மேடும் கார்பன் ஹேண்டிலும்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. எங்கேயும் எழுதி ஒட்டியது கிடையாது. தோட்டத்து மேனேஜரான துரையின் பங்களா கேட் வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், குடை பிடித்து வருகிறவர் மடக்க வேண்டும். வெள்ளைக்காரன் போனான், அரசாங்கம் எடுத்தது, தொண்ணூறுகளில் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். துரைகள் மாறினார்கள், கேட்டின் பெயின்ட் மாறியது. நாங்கள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தோம்.

இதில் ஒரு வசதியும் இருந்தது. கேட்டுக்கு முன்னால் இருக்கிற மேட்டை எந்தக் கொம்பனாலும் மிதித்து ஏற முடியாது. ஆகவே ஒருவன் மரியாதைக்கு இறங்கினானா, மூச்சு வாங்கி இறங்கினானா என்று யாரும் கேட்டதில்லை. நானும் வாத்தியாராகி இரண்டு வருடம் அந்த வசதியில்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அப்பாவும் நானும் குடியிருந்தது கீழ் டிவிசனில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், எனக்குப் பள்ளிக்கூடம் மேல் டிவிசனில். நடுவில் பங்களா. அப்பாவுக்கு அந்தப் பங்களாவில்தான் வேலை, ரோஜாச் செடிக்கும் புல்தரைக்கும் அவர் பொறுப்பு. ரிட்டையர் ஆக இன்னும் மூன்று வருடம் இருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்ட மனிதருக்கு மலையில் வேலை செய்யாமல் கிடைத்த நிழல் அது.

என் சைக்கிள் பண்டாரவளை டவுனில் ஒரு கடையில் வாங்கியது. ஜப்பானிலிருந்து பழசாக வந்து இறங்கும் மவுண்டன் பைக். கியர் எல்லாம் நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் அந்த மேட்டில் பாதி ஏறியதும் முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பும், ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும், நான் காலை ஊன்றுவேன். ஊன்றுகிற இடம் சரியாகக் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

“ஹேண்டில் ஒசரத்துல இருக்கு மாஸ்டர். ஒங்க பாரம் முழுக்க பின்னால போவுது, அப்ப முன் சக்கரம் எந்திரிக்காம என்ன செய்யும்?” என்றார். உள்ளே போய்க் கறுப்பாக, அகலமாக ஒரு ஹேண்டிலைக் கொண்டுவந்தார். கையில் வாங்கினேன். கனமே இல்லை.

“பிளாஸ்டிக்கா?”

“கார்பன். கல்லு ரோட்டுல கை மரத்துப் போவாது. ஆனா நடுவுல தடிப்பு, ஒங்க பழைய ஸ்டெம்முல ஏறாது.”

ஹேண்டிலை முன் சக்கரத்து ஃபோர்க்கோடு பிடித்து வைக்கிற கழுத்துக்குத்தான் ஸ்டெம் என்று பெயர். அவர் தேடிக் கொடுத்த புது ஸ்டெம் பழையதைவிட நீளம், தூக்கல் இல்லாமல் தட்டையாக இருந்தது. அதைப் போட்டால் குனிந்து, நெஞ்சு முன்னால் வர ஓட்டலாம், முன் சக்கரம் தரையிலேயே நிற்கும் என்றார். “இறுக்கி ஒடச்சிராதீங்க, பாத்து,” என்றும் சொன்னார். அப்பாவி மனிதர், எங்கள் தோட்டத்து ஆட்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்.

எங்கள் ஊர் மழைக்கும் பனிக்கும் எதைப் போட்டாலும் துருப்பிடிக்கும். அதனால் ஆணி தொடங்கிக் கதவுக் கீல் வரை எல்லாவற்றுக்கும் தேயிலை ஃபேக்டரி கிரீஸைத் தடவுவது எங்களுக்குக் கைப்பழக்கம். கார்பன் துருப்பிடிக்காது என்பதை யோசிக்கவே இல்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து ஸ்டெம்முக்குள் வழிய வழிய கிரீஸ் தடவி, உடைந்துவிடுமே என்று மெல்ல இறுக்கினேன். அப்பா பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஒரு கம்பிக்கு இவ்ளோ கூத்தா?”

“அந்த மேட்டுல எறங்காம போகப் போறேன் அப்பா.”

அவர் முகம் மாறிவிட்டது. “எறங்கினா என்னடா கொறஞ்சிரும்? அந்த கேட்டுக்குள்ளதான் நான் சோறு திங்கிறேன்,” என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் காலை ஏறினேன். உண்மையிலேயே முன் சக்கரம் எழும்பவில்லை. கேட்டை நெருங்கும்போது ஹேண்டிலை இழுத்துப் பிடித்து மிதித்தேன். கிரீஸ் தன் வேலையைக் காட்டியது. ஹேண்டில் ஸ்டெம்முக்குள் வழுக்கிச் சுற்றிக்கொண்டது, பிரேக் பிடியெல்லாம் தரையைப் பார்த்தன, நான் தடுமாறி இறங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்துத் துரை கேட்டடியில் நிற்கிறார்.

“நல்லது மாஸ்டர். படிச்சாலும் பழசு மறக்க இல்ல,” என்றார் சிரித்துக்கொண்டு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிரீஸால் இறங்கினேன் என்று அவரிடம் சொல்லவா முடியும்? அன்றைக்கு வகுப்பில் ஒரு பாடமும் ஒழுங்காக எடுக்கவில்லை. மாலையில் பண்டாரவளைக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். கார்பனுக்குக் கிரீஸ் எதிரி, சொட்டு இல்லாமல் துடைத்துக் காயவைத்துப் போட வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், பழைய பனியனால் துடைத்தேன், மறுபடியும் ஸ்பிரிட். நான்கு ஆணியையும் அலன் கீயால் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். அப்பா அந்தப் பக்கமே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. துரை கேட்டுக்கு வெளியே ஜீப்பில் சாய்ந்து நின்றார். உள்ளே அப்பா வேலிச்செடி வெட்டிக்கொண்டிருந்தார். நான் குனிந்த தலை நிமிராமல் மிதித்தேன். ஹேண்டில் அசையவில்லை. துரையைத் தாண்டும்போது, “மாஸ்டர், நில்லு,” என்றார். துரைமார் கற்றுக்கொள்ளும் தமிழில் ‘நில்லுங்க’ இருப்பதில்லை.

“நின்னா மறுபடி ஏற முடியாதுங்க,” என்றேன். அது உண்மையும்கூட. மேட்டின் உச்சிக்குப் போனபோது எனக்குக் கத்த வேண்டும்போல சந்தோஷமாக இருந்தது.

சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை, தோட்டத்தில் வேலை உண்டு. சாயங்காலம் அப்பா முழங்கால் வரை சேறோடு வந்தார், இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் அவர் பெயரைக் கான் வெட்டுகிற ஆட்களோடு வாசித்திருக்கிறார்கள். மலையில் மழைத்தண்ணீர் ஓட வழி வெட்டுகிற அந்த வேலை இளவட்டங்களையே முறித்துப் போடும்.

“மகனுக்கு சொல்லி வைக்க மாட்டியான்னு நேத்து தொர கேட்டாரு. பையன் வாத்தியாரு, நான் என்னங்க சொல்றதுன்னேன்,” என்றார் அப்பா. அவ்வளவுதான்.

என் வீம்பெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் இடுப்பைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. “திங்கக்கிழமை பங்களாவுக்கு போயி மன்னிப்பு கேட்டுர்றேன் அப்பா. இனிமே எறங்கியே போறேன்,” என்றேன்.

அப்பா கால் கழுவிக்கொண்டிருந்தார். சொம்பைக் கீழே வைத்தார்.

“எறங்குறதா இருந்தா நேத்தே எறங்கியிருக்கணும். இப்ப நீ எறங்கினா நான் எதுக்குடா கான் வெட்டுறேன்?”

திங்கட்கிழமை மழைத்தூறல். கேட்டுக்கு எதிர் மலையில் கான் வெட்டுகிறவர்கள் நின்றார்கள், அப்பாவும் நின்றார். மிதித்துப் போன சந்தோஷம் எதுவும் அன்றைக்கு இல்லை, பயம்தான் இருந்தது. சக்கரம் ஈர மண்ணில் ஒருமுறை சறுக்கியது. ஹேண்டிலின் மேல் நெஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு ஏறினேன். மண்வெட்டிச் சத்தம் நின்றிருந்தது, நான் கேட்டைத் தாண்டியதும் மறுபடி கேட்டது.

ரிட்டையர் ஆகும் வரை அப்பாவைப் பங்களாப் பக்கம் எடுக்கவேயில்லை. அங்கே ரோஜாச் செடிகள் பூச்சி பிடித்துக் கெட்டுப்போனதாகக் கேள்விப்பட்டேன், மனதாரச் சந்தோஷப்பட்டேன். எனக்கு அப்புத்தளைக்கு மாற்றல் வரும் வரை அந்தக் கேட்டுக்கு முன்னால் நான் காலை ஊன்றவில்லை. அடைமழையிலும் ஊன்றவில்லை. காய்ச்சல் கண்ட நாளில், தள்ளிக்கொண்டாவது போய்விடலாம் என்று உடம்பு சொன்னது. லீவு போட்டுவிட்டு லயத்தில் படுத்துக்கொண்டேன்.