நெய்க்கரண்டி மழை

நாற்பத்துநான்காவது வயதில் எனக்கு ஞானம் வந்துவிட்டது என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். நான் மட்டும் நம்பியிருந்தால் போகட்டும் என்று விட்டுவிடலாம். கண்டோன்மென்டில் தெரிந்தவர்கள் அத்தனை பேரையும் நம்பவைத்தேன். இப்போது நினைத்தாலும் காது மடல் சூடாகிறது.

அல்சூரில் ஏரிக்குப் போகும் தெருவொன்றில் அப்போது குடியிருந்தோம். நான், மனைவி, பதினோரு வயது மகள், மூன்றே பேர். ஆபீசில் இருபது வருஷமாகப் பிறர் எழுதிய கடிதங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் சேர்ந்தவன் எனக்கு மேலே தலைமை குமாஸ்தாவாக வந்து உட்கார்ந்தான். இனி இந்தப் பிறவியில் நமக்கு ஒன்றும் இல்லை என்று தோன்றிவிட்டது. சாப்பாடு பிடிக்கவில்லை, மனிதர்களைப் பிடிக்கவில்லை. ஆபீசில் வாயைத் திறக்க முடியாததால் வீட்டில் எரிந்து விழுந்தேன்.

அந்த நேரத்தில் இரண்டு காரியங்கள் சேர்ந்து வந்தன. ஞாயிறு மாலைகளில் கூடும் ஒரு விசார சங்கத்துக்கு நண்பர் ஒருவர் என்னை இழுத்துப்போனார். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் அதற்குத் தலைவர். மேல்நாட்டு சயன்ஸும் நம் சாஸ்திரமும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் போகின்றன என்பது அங்கே எல்லோருடைய கட்சியும். தியானம் செய்ய அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதே மாதத்தில், மழைக் கணக்கு எடுக்கும் சர்க்கார் ஆபீஸ், வீட்டிலிருந்தே மழையை அளந்து எழுத ஆள் தேடியது. நான் பெயர் கொடுத்தேன். ஒரு செம்பு உருளை, அதன் வாயில் புனல், உள்ளே ஒரு பாட்டில், அளப்பதற்குக் கோடு போட்ட கண்ணாடிக் குவளை. இவ்வளவுதான் கருவி. தினமும் காலை எட்டு மணிக்கு அளந்து அட்டையில் குறித்து, மாதம் ஒருமுறை அனுப்ப வேண்டும்.

வெட்டவெளியாகப் பார்த்து, சுற்றிலும் வேலி கட்டி வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். எங்கள் கொல்லைப்புறம் அதற்கு நன்றாகவே ஏற்றது. நானோ தெருவில் போகிறவர்கள் கண்ணில் படட்டும் என்று வாசலில், முன்னறை ஜன்னலுக்கு நேரே அதை நட்டேன். வேலி போட்டால் மறைக்கும் என்று அதையும் போடவில்லை.

விடியற்காலையில் ஜன்னலோரம் தியானம், எட்டு மணிக்கு மழை. பொய் சொல்லக்கூடாது, முதலில் சில மாதங்கள் நன்றாகவே இருந்தன. வானத்தை நிமிர்ந்து பார்க்கிற வழக்கம் அதற்கு முன் எனக்கு இருந்ததே இல்லை. எந்த மேகம் பெய்யும், எது ஏமாற்றும் என்று தெரிய ஆரம்பித்தது. பசிகூட எடுத்தது.

தை பிறந்தது. வானத்தில் பொட்டு மேகம் இல்லை. ஆனால் சில காலைகளில் பாட்டிலின் அடியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அளந்தால் அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு. டைரியைப் புரட்டினேன். தியானம் கூடி வெகுநேரம் உட்கார்ந்த நாட்களில் தண்ணீர் இருந்தது. மனம் அலைந்து சீக்கிரம் எழுந்த நாட்களில் இல்லை. ஒரு மாதம் முழுக்கப் பார்த்தேன். ஒரு நாள்கூடத் தப்பவில்லை.

மாசியில் சங்கத்தில் எழுந்து இதைச் சொன்னேன். அன்று பெண்கள் வரிசையில் என் மனைவியும் இருந்தாள். தலைவர் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"சார், நாங்க இத்தனை வருஷம் வாயால பேசிட்டு இருந்தோம். நீங்க அளந்தே காட்டிட்டீங்க."

அதற்கப்புறம் என் கால் தரையில் படவில்லை. நாலு இடத்தில் பேசக் கூப்பிட்டார்கள், மாலை போட்டார்கள். எங்கள் பால்காரர்கூடத் தினமும், "ஏனு ஸ்வாமி, இவத்து மளெ பந்தா?" என்று கன்னடத்தில் மழை விசாரிப்பார். அந்த மனிதர் கிண்டல் செய்கிறார் என்பது எனக்கு உறைக்கவில்லை. பக்தி என்று நினைத்தேன்.

தண்ணீர் இல்லாத காலைகளில் யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. மகள் பாடத்தை உரக்கப் படித்தாள், மனைவி பாத்திரத்தை உருட்டினாள், அதனால்தான் தியானம் கெட்டது என்று கத்துவேன். ஒரு தடவை தொடர்ந்து நாலு நாள் பாட்டில் வறண்டு கிடந்தது. நாலாவது நாள் குழந்தையின் புத்தகத்தைப் பிடுங்கித் தெருவில் எறிந்தேன். மனைவி போய் எடுத்து, புழுதியைத் தட்டிக் கொண்டுவந்தாள்.

பங்குனியில் சர்க்கார் ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் இடத்தில் மட்டும் மேகமில்லாத நாட்களில் மழை காட்டுகிறது, கருவி இருக்கும் இடத்தைச் சரிபார்க்கவும் என்று எழுதியிருந்தார்கள். இவர்கள் படித்த படிப்புக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று சிரித்தேன். ஆனாலும் நிரூபணம் இருக்கட்டும் என்று, தகரக்காரரிடம் அதே அளவில் இன்னொன்று செய்யச் சொல்லி மொட்டைமாடியில் வைத்தேன். அதில் ஒரு சொட்டு விழவில்லை. நேர்மையான ஆளாக இருந்தால் அங்கேயே நின்றிருப்பேன். தியானத்தின் பலன் உட்கார்ந்திருக்கும் மட்டத்தில்தான் வேலை செய்யும், மாடிக்கு ஏறாது என்று அடுத்த சொற்பொழிவுக்குக் குறிப்பு எழுதினேன்.

அந்தச் சொற்பொழிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்தில். அன்று விடியும்போது, தியானத்துக்கு உட்காருவதற்கு முன் தகரக் கருவியை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மாடிக்குப் போனேன். கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். மனைவி வாளியோடு வந்தாள். வாசல் தெளித்தாள், கோலம் போட்டாள். பிறகு என் ஜன்னலை ஒரு தடவை பார்த்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த நெய்க்கரண்டியை எடுத்தாள். வாளியில் முக்கி, சிந்தாமல், புனலில் ஒரு கரண்டி ஊற்றினாள். கொஞ்சம் யோசித்தாள். அன்று எனக்குப் பெரிய கூட்டம் அல்லவா, இன்னும் அரைக் கரண்டி ஊற்றினாள்.

படியிறங்கி ஓடிவந்தேன். "என்ன பண்றே நீ?"

அவள் கரண்டியை மறைக்கவில்லை.

"மொதல்ல தெரியாமதாங்க விழுந்துச்சு. நீங்க ரொம்ப நேரம் உக்காந்திருக்கிற அன்னிக்கு நான் வாசல் பெருக்க மாட்டேன், சத்தம் கேக்கும். ஜட்கா வண்டி போனா புழுதி ஜன்னல்ல வந்து உங்களுக்குத் தும்மல் வரும். அதுக்குன்னு தண்ணிய ரெண்டாவது தடவையும் வாரி வாரித் தெளிப்பேன். அதுல கொஞ்சம் உள்ள போயிருக்கு. கூட்டத்துல நீங்க பேசினப்பதான் எனக்கே புரிஞ்சுது."

"புரிஞ்ச அன்னிக்கே சொல்றதுக்கென்ன?"

"பயந்துட்டேன். இனிமே விழ வேணாம்னு தள்ளித் தெளிச்சேன். நாலு நாள் தண்ணி இல்ல. பாப்பா புஸ்தகத்தத் தூக்கி எறிஞ்சீங்க." கரண்டியை முந்தானையில் துடைத்தாள். "அதுல தண்ணி இருந்தா சிரிச்ச மொகமா காபி கேக்குறீங்க. எதுக்கு பேஜாருன்னு நானே ஊத்திட்டேன்."

அன்று மாலை உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் மேடை ஏறினேன். நாக்கு வேறு மாதிரி புரண்டது. "வீட்டிலுள்ளவர்களின் அறியாமையால் ஒரு பிழை நேர்ந்துவிட்டது. வாசல் தெளித்த தண்ணீர் கருவிக்குள் விழுந்திருக்கிறது" என்றேன். கரண்டியைப் பற்றிச் சொல்லவில்லை, புத்தகத்தைப் பற்றியும் சொல்லவில்லை. கூட்டம் சிரித்தது.

"பொம்பளைங்களுக்கு சயன்ஸ் என்ன தெரியும் சார்?" என்றார் தலைவர். "தப்பைத் தானே வந்து ஒத்துக்கிட்டார் பாருங்க, இவர்தான் நெஜமான விஞ்ஞானி."

எல்லோரும் கை தட்டினார்கள். நான் கும்பிட்டேன். பெண்கள் வரிசையில் அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் என் மனைவியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் கை தட்டிக்கொண்டிருந்தாள். வேறு என்ன செய்வாள்?

அந்த வாரம் கண்ணை மூடினால் அந்தக் கை தட்டல்தான். கண்ணெதிரே ஒருத்தி என்னைப் பார்த்து நடுங்கியது தெரியவில்லை, நான் வானத்தை அளந்தேனாம். சயன்ஸ் என்னை அன்றைக்கே எச்சரித்தது, கடிதம் போட்டே எச்சரித்தது. தியானமும் என்னை ஏமாற்றவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு நான்தான் என்னைப் பெரிய மனிதனாக்கிக்கொள்ளப் பார்த்தேன். வெட்கத்தில் மகளின் முகத்தைக்கூட நேராகப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் சங்கத்துக்குப் போய் எழுந்து நின்றேன். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னேன். கரண்டி, புத்தகம், அவள் பயம், போன வாரம் நான் பேசிய பேச்சு எல்லாம். யாரும் கை தட்டவில்லை. தலைவர் தொண்டையைச் செருமி, "அது உங்க வீட்டு விஷயம் சார்" என்று அடுத்தவரைப் பேசச் சொன்னார். அதோடு என்னை எங்கும் பேசக் கூப்பிடுவது நின்றது.

வரும் வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. கூடத்தில் மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அவள் கண் கலங்கும் என்று எதிர்பார்த்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

"அவங்ககிட்ட சொன்னீங்க, சரி" என்றாள். "எங்கிட்ட?"

இருபது வருஷத்தில் அவளிடம் அப்படி ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. எப்படி ஆரம்பிப்பது என்றுகூடத் தெரியவில்லை. தப்புப் பண்ணிவிட்டேன் என்றேன். உன்னைப் பயந்து நடுங்க வைத்துவிட்டேன், நாலு பேர் சிரிக்க விட்டேன், மன்னித்துவிடு என்றேன். அவள் முறத்தைக் கீழே வைக்காமல் கடைசிவரை கேட்டாள்.

"பாப்பாகிட்டயும் சொல்லுங்க" என்றாள்.

உள்ளறைக்குப் போனேன். கணக்குப் போட்டுக்கொண்டிருந்த மகள் நான் நிலைப்படியில் கால் வைத்ததுமே எழுந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "நான் ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள்.