மறுபடியும் சுவிட்ச் கம்பெனிக்கு

செங்கல்பட்டுப் பக்கத்தில் நான் வேலை பார்த்த சுவிட்ச் கம்பெனியில் மறுபடியும் இங்கேயே சுவிட்ச் செய்யப் போகிறார்கள், பழைய ஆட்களை வரச் சொல்கிறார்கள் என்று சேதி வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வேலை போய் ஆறு வருடமாக வீட்டில் சும்மா கிடந்தேன். கண் மூடுவதற்குள் இன்னொரு தடவை அந்த மேசையில் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதை அப்படியே சொல்லியிருக்கலாம். தெருவில் நான் சொன்னது வேறு.

"நான் போனாத்தான் லைனே ஓடுமாம். கையப் புடிச்சிக்கினு அழுவறாங்க."

யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. வந்தால் சோதனை வைப்போம், தேறினால்தான் வேலை என்று போனில் ஒரு பெண் சொன்னாள். அதை மட்டும் தெருவுக்குச் சொல்லவில்லை.

தலைக்கு மை போட்டேன். அது காதிலும் கொஞ்சம் இறங்கிவிட்டது. பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். பின்வீட்டுக்காரி, அவளும் அங்கே வேலை பார்த்தவள்தான், என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"இன்னாக்கா, வேலைக்குப் போறியா, உன்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்களா?"

"நீ மூடிக்கினு வா."

கம்பெனி மேசையில் ஆளுக்குப் பத்து சுவிட்சுக்கான சாமான் வைத்திருந்தார்கள். மூடி, ஸ்பிரிங், பித்தளைத் துண்டு, திருகு. கை எதையும் மறக்கவில்லை. ஸ்பிரிங் சரியாக உட்கார்ந்தால் டிக்கென்று ஒரு சத்தம் வரும். பத்திலும் வந்தது. பின்வீட்டுக்காரி ஆறாவதில் தடவிக்கொண்டிருந்தபோதே நான் முடித்துவிட்டு, கல்யாண வீட்டுச் சம்பந்தி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

சோதனை வைத்த பெண் ஒன்றைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்ததை. அப்புறம் பத்தையும்.

"பின்மூடியில இருந்த ஸ்டிக்கர் எங்கம்மா?"

"உரிச்சிட்டேன்."

"ஏன்?"

"உரிக்கத்தானே வேணும்?"

மேசைக்குக் கீழே பத்தும் சுருண்டு கிடந்தன. அவள் ஒன்றைப் பொறுக்கி நீட்டினாள். "இந்தியாவில் செய்ததுன்னு போட்டிருக்கும்மா. இதுக்காகத்தான் மறுபடியும் ஆரம்பிக்கிறோம்."

பின்வீட்டுக்காரி முந்தானையால் வாயை அடைத்துக்கொண்டாள்.

சொல்லத்தான் வேண்டியிருந்தது. கடைசி எட்டு வருடம் நாங்கள் சுவிட்சே செய்யவில்லை. முழுசாகச் செய்த சுவிட்ச் கப்பலில் வரும். பின்னால் இருக்கிற ஸ்டிக்கரைக் கட்டைவிரல் நகத்தால் உரித்து, நம் கம்பெனி பெட்டியில் போட வேண்டும், அதுதான் வேலை. எனக்கு என் பெயரை எழுத வரும், அதற்கு மேல் எழுத்து வராது. அதில் இருந்தது விலை என்று நினைத்தேன். முன்னைவிட மூன்று பங்கு சரக்கு போகிறது, எல்லாம் என் கைவேகம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். கல்பாக்கம் ஆபீஸ் பஸ் ஓட்டிய என் வீட்டுக்காரர்தான், என் புடவையில் ஒட்டிக்கொண்டு வந்த ஒன்றை ஒருநாள் படித்தார்.

"இது சீனாவுல செஞ்சதுடி. உன் கம்பெனி பார்சல் பிரிச்சிக்கினு கீது!"

விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு நாள் அவருக்குக் குழம்பு வைக்கவில்லை. ஆனால் மறுநாளும் போய் உரித்தேன். பிறகு பெட்டியும் அங்கிருந்தே வர ஆரம்பித்தது. உரிக்கவும் ஆள் வேண்டாம் என்று எங்களை அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. என் சுவிட்சுகளைப் பலகையில் மாட்டி ஒவ்வொன்றாகத் தட்டினாள். பத்து தடவையும் விளக்கு எரிந்தது. புது ஸ்டிக்கர் கொடுத்து ஒட்டச் சொன்னாள். ஒட்டினேன், மூன்றைத் தலைகீழாக.

"ரெண்டு பேரும் திங்கக்கிழமை வாங்க. ஒரு மாசம் பார்ப்போம். நீங்க மட்டும் அந்த நகத்தை வெட்டிட்டு வரணும்மா."

பஸ் ஸ்டாண்டு கடையிலேயே நகவெட்டி வாங்கிவிட்டேன். நகம் ஆணி மாதிரி இறுகியிருந்தது. இரண்டு தடவை வழுக்கியது.

"குடுக்கா, நான் வெட்டறேன்" என்று பின்வீட்டுக்காரி கையை நீட்டினாள்.

"என் வேலைய எனக்குப் பார்த்துக்கத் தெரியும்" என்றேன்.

விரலையும் சேர்த்து வெட்டிக்கொண்டு, பட்டுப்புடவையில் ரத்தத்தைத் துடைத்தபடி பஸ் ஏறினேன்.