பின்னால் போகும் அம்புக்குறி

போர் முடிந்த மீள்குடியேற்ற நாட்களில், உயிலங்குளத்துக்கு அருகே ஓர் அரச அலுவலகக் கந்தோரில் வீட்டுத் திட்டத்துக்கான இணையப் படிவத்தை உருவாக்கியவள் நான். இடம்பெயர்ந்து போய் இருந்த ஊர்களை அது வரிசையாகக் கேட்கும். ஊருக்கு ஒரு பக்கம். திரைக்கு மேல், "பின்னால் போகும் அம்புக்குறியை அழுத்த வேண்டாம்" என்று கடதாசியும் ஒட்டியிருந்தேன். அழுத்தினால் படிவம் குழம்பும் என்று தெரியும். திருத்தத்தான் பஞ்சி, வெறும் சோம்பல்.

வீடு கிடைப்பவர்களின் முதற் பட்டியல் வந்த அன்று, வயலில் கூலி வேலை செய்யும் ஓர் அம்மா என் முன்னால் வந்து நின்றார். மூன்று பிள்ளைகளுடன் தகரக் கொட்டிலில் இருப்பவர்.

"பிள்ளை, என்ர பேர் இல்லை. பதிஞ்சனான்."

தேடினேன். இரண்டு முறை பதிவாகியிருந்தார். ஒரே அடையாள அட்டை இரண்டு தடவை வந்தால் இரண்டையும் தள்ளிவிடும்படி செய்த கெட்டிக்காரியும் நானே.

"ஏன் ரெண்டு தரம் பதிஞ்சனீங்கள்?" என்று சிடுசிடுத்தேன்.

"நான் ஒருக்காத்தான் வந்தனான். எல்லாம் சொல்லி முடிச்சாப்பிறகுதான் மடுக் கோயிலடியில இருந்தது ஞாபகம் வந்தது. இங்க கொம்பியூட்டரில ரைப் பண்ணுற பிள்ளை பின்னுக்குப் போய் அதையும் சேர்த்தவா."

அந்தப் பிள்ளை, ஏற்கனவே அனுப்பிய படிவத்தில் சேர்த்து, மறுபடி அனுப்பியிருக்கிறாள். என் படிவம் அதைப் புதிய பதிவாக எடுத்துக்கொண்டது. ஓடிய கதையை எங்கள் சனத்தில் யார் வரிசையாகச் சொன்னார்கள்? "பொறுங்கோ, அதுக்கு முந்தி" என்று இடையில் நிற்காத ஒருவரை நான் கண்டதில்லை. என் வீட்டிலும் அப்படித்தான். தெரிந்தும் இப்படிச் செய்தேனே என்று வெட்கமாக இருந்தது.

ஒரு கிழமை, ஏழு நாளும் இருந்து திருத்தினேன். குடும்பத்துக்குத் தொடக்கத்திலேயே ஓர் இலக்கம். எத்தனை தடவை பின்னால் போய் அனுப்பினாலும் அதே பதிவுதான் மாறும். கடதாசியையும் கிழித்தெறிந்தேன். ஆனால் முதற் பட்டியல் போனது போனதுதான். அந்த மாரி மழைக்காலமும் அவருக்குத் தகரத்தின் கீழ்தான் கழிந்தது.

இரண்டாம் பட்டியலுக்கு அவரை நானே பதிந்தேன். ஊர்களை வாசித்துக் காட்டி, "எல்லாம் சரியோ அம்மா?" என்றேன். "ஓம்" என்றார். அனுப்பினேன். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"பிள்ளை, ஒரு இடம் விட்டுப்போச்சு. போன முறையும் சொல்லேல்லை. இப்ப சொன்னா பேர் வெட்டுப்படுமோ?"

"வெட்டுப்படாது. சொல்லுங்கோ அம்மா."

"விடத்தல்தீவுப் பக்கம். ஒரு நாள்தான் இருந்தனாங்கள். என்ர மனுசனை அங்கதான் மண்ணில தாட்டது."

அம்புக்குறியை அழுத்தினேன். ஊரைச் சேர்த்து அனுப்பினேன். பிறகு திரையை அவர் பக்கம் திருப்பி, பதிவு ஒன்றுதான் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.